சட்டியா, சஷ்டியா? பழமொழிகளின் ‘உண்மை வடிவம்’ பற்றி

ஜூன் 2 – ஒரு வாசகரின் கேள்வி

‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்பது திரிந்துபோன வடிவமாம். ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதுதான் சரியாம். சஷ்டி விரதம் இருந்தால் அகத்தில் உள்ள பையில், அதாவது கருப்பையில், குழந்தை வரும் என்று பொருளாம். இதே மாதிரி முப்பது பழமொழிகளின் பட்டியல் ஒன்று கைக்கு வந்தது. இவ்வளவு நாளும் எல்லாவற்றையும் தப்பாகவா சொல்லிக்கொண்டிருந்தோம்?

ஜூன் 2, இரவு

சட்டிதான். விரதம் இருப்பவர் ‘சஷ்டி இருக்கிறேன்’ என்பார், ‘சஷ்டியில் இருக்கிறேன்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. அந்த ஒரு ‘யில்’ காட்டிக்கொடுத்துவிடுகிறது. மிச்சம் நாளைக்கு.

ஜூன் 3

மிச்சத்தை எழுதுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பேச்சுப்போட்டியில் இதே சஷ்டி விளக்கத்தை அடித்து விட்டுத்தான் முதல் பரிசு வாங்கினேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து அப்பத்தாவிடம் அதே பேச்சை ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டினேன். அப்பத்தா சஷ்டி தவறாதவள், முருகன் படத்துக்குப் பூ வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, “சஷ்டி இருந்தா முருகன் குடுப்பான், அகப்பை என்னடா குடுக்கும்?” என்றாள்.

அதோடு விடவில்லை. கழுவப் போட்டிருந்த மண்சட்டியை இழுத்து, சிரட்டை அகப்பையை உள்ளே விட்டு அடியோடு ஒரு சுரண்டு சுரண்டினாள். கரகரவென்று ஒரு சத்தம், பல் கூசும். அகப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இரண்டு பருக்கை, கொஞ்சம் கருகல். “அஞ்சு பிள்ளைக உக்காந்திருக்கையில இந்தச் சத்தத்தைக் கேட்டவளுக்குத் தெரியும்டா அது” என்றாள்.

எனக்கு அன்று புரிந்தது பாதிதான். இன்றைக்கு நாம் ‘அவனிடம் சரக்கு இல்லை’ என்று அடுத்தவரைக் குத்துவதற்கு இதைச் சொல்கிறோம். அப்பத்தாவுக்கு அது பரிமாறுகிறவள் சொல்வது, கையைப் பிசைந்துகொண்டு சொல்வது. அதே சொற்கள், சொல்லும் ஆள் வேறு. பழமொழியின் பொருளை அதன் எழுத்துக்குள் மட்டும் தேடினால் இது கிடைக்காது.

ஜூன் 5

கழுதைக்கு வருவோம். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ இல்லையாம், ‘கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை’யாம். கழு என்கிற கோரையில் பாய் தைத்தால் கற்பூரம் மணக்குமாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் அக்கம்பக்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கன்னடத்தில் ‘கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள’ என்கிறார்கள், கழுதைக்கு என்ன தெரியும் கஸ்தூரி மணம். தெலுங்கில் கழுதை காடித, அதனால் அங்கே வருவது கந்தம், சந்தன வாசனை. இந்தியில் கழுதையே இல்லை. குரங்குக்கு இஞ்சியின் சுவை என்ன தெரியும் என்பார்கள், பந்தர், அத்ரக். தமிழிலேயே ‘கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை’ என்று இன்னொரு வடிவம் உண்டு.

என்ன நடக்கிறது என்று தெரிகிறதா? கருத்து ஒன்றுதான். விலங்கின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதற்கு இசைவாக ஒரு வாசனைப் பொருளை இந்தத் தென்னிந்திய மொழிகள் எடுத்துக்கொள்கின்றன. கழுதைக்குக் கற்பூரம், கத்தெக்குக் கஸ்தூரி, காடிதக்குக் கந்தம். மோனைதான் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறது. தமிழில் மட்டும் பாய் தைக்கிற விஷயம் காது தவறிக் கழுதையாகிவிட்டது என்றால், கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் அதே மாதிரி காது தவறியிருக்க வேண்டும், அதுவும் அவரவர் மொழியில் கழுதையிலேயே போய் முடிகிற மாதிரி.

இன்னும் பின்னால் போனால் சுசுருத சம்ஹிதையில், சந்தனக் கட்டை சுமக்கும் கழுதைக்குப் பாரம் தெரியும் சந்தனம் தெரியாது, நிறைய நூல் படித்துப் பொருள் புரியாதவனும் அப்படித்தான் என்று வருகிறது. மருத்துவ மாணவனுக்குச் சொன்னது.

ஜூன் 6

மருத்துவம் என்றதும் ஞாபகம் வந்தது, ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’. பட்டியலில் இது ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்று இருக்கிறது. வேரை யார் ஐயா கொல்வார்கள்? வேரைப் பிடுங்கலாம், தோண்டலாம், இடிக்கலாம், காய்ச்சலாம். இது யாருக்கோ உறைத்திருக்க வேண்டும், அதனால் ‘வேரைக் கண்டவன்’ என்று இன்னொரு ‘உண்மை வடிவம்’ உலவுகிறது. உண்மை வடிவமே இரண்டு இருந்தால் எது உண்மை?

சமஸ்கிருதத்தில் நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் சிகிச்சகன் என்று ஒரு வரி உண்டு. அங்கே அரையும் இல்லை, வேரும் இல்லை. டாக்டரைக் கிண்டல் செய்யாத ஊர் உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்ன. நகைச்சுவையை நகைச்சுவையாக விட மனசு வராமல் அதற்கு வேட்டி கட்டி விபூதி பூசிவிடுகிறோம்.

ஜூன் 6, இரவு

‘ஆறிலும் சாவு நூறிலும் சாவு’. கர்ணன் பாண்டவரோடு சேர்ந்து ஆறு பேரில் ஒருவனாகப் போனாலும் சாவு, கௌரவர் நூறு பேரோடு நின்றாலும் சாவு, அதனால் அவன் சொன்னது என்கிறார்கள். ஐந்தோடு கர்ணனைக் கூட்டி ஆறு என்றால், நூறோடு கூட்டினால் நூற்றொன்று. ஒரு பக்கம் ஆளை எண்ணி இன்னொரு பக்கம் எண்ணாமல் விட்டால் எப்படி? ஆறு வயசு, நூறு வயசு. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 9

நண்பர் ஒருவர் விடாப்பிடியாகக் கேட்கிறார். பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர்கள் பாதிரியார்கள், அவர்கள் காதில் தப்பாக விழுந்ததுதான் புத்தகத்தில் ஏறி நமக்கு வந்துவிட்டது என்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். 1897இல் ஹெர்மன் ஜென்சன் வகை பிரித்து ஒரு தொகுப்பு போட்டார். இருவரும் பாதிரியார்களே. ஆனால் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் இருந்தவர் இல்லை.

சரி, பாதிரியார்களை ஒதுக்கியே வைத்துவிடுவோம். பழமொழி நானூறு இருக்கிறதே. முன்றுறை அரையனார் பாடியது, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, வெண்பாவுக்கு ஒரு பழமொழி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழசு. அன்றைய வடிவமும் இன்றைய வடிவமும் இரண்டும் கையில் இருக்கும்போது, எது எப்படித் திரிந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம்.

அங்கே ‘நிறைகுடம் நீர் தளும்பல் இல்’. இன்று ‘நிறைகுடம் தளும்பாது’.

அங்கே ‘பாம்பறியும் பாம்பின கால்’. இன்று ‘பாம்பின் கால் பாம்பறியும்’.

அங்கே ‘நுணலும் தன் வாயால் கெடும்’. இன்று ‘தவளை தன் வாயால் கெடும்’.

மூன்றாவதைப் பாருங்கள், எனக்கு இதில்தான் ஆசை. நுணல் என்ற சொல் பேச்சில் செத்துவிட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? புரியாத சொல்லை வைத்துக்கொண்டு ‘நூலும்’ என்றோ ‘நுனியும்’ என்றோ காது போன போக்கில் உளறவில்லை. அதே பிராணிக்குத் தங்கள் வாயில் இருந்த பெயரைப் போட்டுக்கொண்டார்கள். பொருள் அப்படியே நிற்கிறது, சொல்தான் மாறியது. ஆனால் பட்டியல்காரர்கள் கதை நேர் எதிர். ஓசை அப்படியே இருந்ததாம், பொருள் மட்டும் காணாமல் போனதாம். சோதித்துப் பார்க்க முடிகிற இந்த மூன்றிலும் அப்படி நடக்கவில்லை.

ஜூன் 9, பத்து நிமிடம் கழித்து

அதே நூலில் ‘ஆற்றுணா வேண்டுவது இல்’ என்று ஒன்று. கற்றவன் எந்த நாட்டுக்குப் போனாலும் அது அவன் நாடுதான், வழிக்குக் கட்டுச்சோறு வேண்டாம் என்பது பொருள். ஆறு என்றால் வழி. இது வழக்கில் தங்காமல் போய்விட்டது. தங்கியிருந்தால் இந்நேரம் ‘படித்தவன் ஆற்று மீன் சாப்பிடக் கூடாது, காரணம் தெரியுமா?’ என்று ஒரு செய்தி வந்திருக்கும்.

ஜூன் 12

‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’. இதில் இருப்பது குதிரையே இல்லையாம், மண்குதிராம், அதாவது ஆற்றில் இருக்கும் மணல் திட்டாம். எனக்குத் தெரிந்த குதிர் நெல் கொட்டி வைக்கிற குதிர். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பிள்ளை உளறுமே, அந்தக் குதிர். அந்த அப்பன் மணல் திட்டுக்குள்ளா ஒளிந்திருந்தான்? மேலும் மண்குதிரை ஒன்றும் காணாத பொருள் இல்லை. அய்யனார் கோயில்களில் புரவியெடுப்பு என்ற நேர்த்திக்கடன் விழாவுக்குச் செய்து வைத்த குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஆளுயரம், அதற்கு மேலும் உண்டு. சரியாகச் சுடாதது என்றால் ஒரு மழைக்காலம் போனால் காது போகும், அடுத்ததில் வால் போகும். நான் பார்த்த ஒன்றில் முன்கால் கரைந்து உள்ளே வைத்திருந்த வைக்கோல் வெளியே தெரிந்தது. அந்தக் குதிரை மேல் ஏறி ஆற்றைக் கடக்கப் போனவனை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்குத்தானே இதைச் சொல்வது.

ஜூன் 13

நேற்று எழுதியதில் ஒரு அவசரம் இருக்கிறது. மண்குதிர் என்ற சொல்லோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘மண்குதிரை நம்பி’ என்று வரும், இலக்கணம் சரியாகவே பொருந்துகிறது. ‘சஷ்டியில்’ போலவோ ‘வேரைக் கொன்றவன்’ போலவோ இடறவில்லை. ஆகவே இதைக் கட்டியவருக்குத் தமிழ் தெரியும், அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். என் ஓட்டு இன்னமும் குதிரைக்கே, ஆனால் நேற்று இருந்த இறுமாப்பு இல்லாமல்.

ஜூன் 14

இன்னொரு திருத்தமும் போட்டுவிடுகிறேன். இதெல்லாம் வாட்ஸப் வந்த பிறகு கிளம்பிய வியாதி என்று வேறொருவரிடம் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தேன். என் எவர்சில்வர் டம்ளரை மறந்துவிட்டேன். அது செல்போனே இல்லாத காலம், அந்த விளக்கத்தை நான் சுட்டது ஒரு பட்டிமன்றப் பேச்சாளரிடமிருந்து. மேடைதான் ஊற்று, போன் வாய்க்கால்.

ஜூன் 17

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். மூன்று நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்.’ இதற்கு இறைவன் திருவடி என்று விளக்கம் சொல்கிறார்கள். என் வகுப்பில் ஒரு வாத்தியார் இருந்தார், பிரம்பை எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். ‘அடி உதவுகிற மாதிரி’ என்பதற்குள் முதல் அடி விழுந்துவிடும், ‘மாட்டான்’ வரும்போது மூன்றாவது. அந்த மூச்சு விடுகிற இடங்கள் கூட எனக்கு இன்னும் மறக்கவில்லை. திருவடி என்ற விளக்கத்தை முதன்முதல் கேட்டபோது ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லவில்லை. நம்மை அடித்த ஒரு வாக்கியம் உண்மையில் நல்லதுதான், யாரோ தப்பாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று ஆகிவிடுகிறதே. நம் முன்னோர் பிள்ளையை அடிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற ஆசை அது. புரிகிறது.

ஆனால் பக்கத்திலேயே ‘அடியாத மாடு படியாது’ என்று ஒன்று நிற்கிறது. மாட்டுக்கு எந்தத் திருவடி?

இன்னொன்று, ‘சேலை கட்டிய மாதரை நம்பாதே’. இதைச் ‘சேல் அகட்டிய மாதர்’ என்று பிரித்து, சேல்மீன் போன்ற கண்ணை அகல உருட்டி மயக்குகிறவளை நம்பாதே என்கிறார்கள். அதாவது எல்லாப் பெண்ணையும் திட்டியது போய் ஒரு வகைப் பெண்ணைத் திட்டுவதாக ஆயிற்று. இதுவா துலக்கியது? பழைய தொகுப்புகளைப் புரட்டினால் பெண்களையும் சில சாதிகளையும் பற்றி வாய் கூசுகிற மாதிரி எத்தனையோ கிடக்கின்றன. ஊர் அப்படிப் பேசியது என்பதற்கு அவைதான் சாட்சி. சாட்சியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உட்கார வைத்துவிட்டால் வழக்கு என்ன ஆவது?

ஜூன் 18

நேற்று ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். இன்றைக்குச் சில்லறை விஷயம் ஒன்று.

பழமொழியின் வயசைச் சில சமயம் அதிலுள்ள பொருளே சொல்லிவிடும். ‘புகையிலை விரிச்சாப் போச்சு, பொம்பளை சிரிச்சாப் போச்சு’ என்பதை ஆயிரங்காலத்து ஞானம் என்று ஒரு பெரியவர் எடுத்துவிட்டார். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் இந்தப் பக்கமே எட்டிப் பார்த்தது. ஆகவே 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இந்தப் பழமொழி இருந்திருக்க வழியே இல்லை, சிரிப்பதற்குத் தடை இருந்ததா என்பது தனிக் கதை. ‘போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை’ இன்னும் இளசு, போலீஸ் என்ற சொல்லே இங்கிலீஷ்காரனோடு வந்தது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்’ என்பதில் அமீனா அரபிச் சொல், ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு ஆள். அந்த ஆள் வாசலில் வந்து நின்ற பிறகு பிறந்த பழமொழி. ஆமையை மட்டும் எடுத்துக்கொண்டு பொறாமை, இயலாமை என்று பாடம் எடுப்பவர்கள் அமீனாவைத் தொடுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

ஜூன் 20

ஒரு விஷமம் செய்திருக்கிறேன். ‘குரங்கு கையில் பூமாலை’ என்பது திரிபு, ‘குரு அங்கு, கையில் பூமாலை’ என்பதே மூல வடிவம், குரு இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போகாதே என்று பொருள் என எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். கீழே இரண்டு கைகூப்பும் படமும் ஒரு மயிலும் சேர்த்தேன். முழுசாக நான் கட்டியது, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பார்ப்போம்.

ஜூன் 24

அகநானூறு 101ஆம் பாட்டு, மாமூலனார் பாடியது. தோழியை விளித்து, ‘இம்மை நன்று செய் மருங்கில் தீது இல் என்னும் தொன்றுபடு பழமொழி இன்று பொய்த்தன்றுகொல்’ என்று தொடங்குகிறது. இப்பிறப்பில் நல்லது செய்தால் தீது வராது என்கிற அந்தப் பழைய மொழி இன்றைக்குப் பொய்யாகிவிட்டதா என்று கேட்கிறது. இத்தனை பழைய பாட்டிலேயே அதற்குப் பெயர் ‘தொன்றுபடு’ பழமொழி, அப்போதே அரதப் பழசு. அப்போதே அதோடு ஒருத்தி மல்லுக்கட்டுகிறாள். அவள் நினைத்திருந்தால் ‘நன்று’க்கு வேறு பதம் பிரித்துத் தப்பித்திருக்கலாம். அவள் செய்யவில்லை, நேராகப் பொய்த்துவிட்டதா என்று கேட்டுவிட்டாள்.

தொல்காப்பியரும் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது நுட்பம், சுருக்கம், தெளிவு, மென்மை என்று அடுக்கி, சொல்ல வந்த பொருளை முடிக்கக் காரணமாக வருவது என்கிறார். ஒரு பேச்சுக்கு நடுவில், ஒரு வேலைக்காக வருவது. என் அப்பத்தாவின் அகப்பை மாதிரி. தனியாகப் பிய்த்துப் பட்டியலில் போட்டால் அதற்கு வேலை போய்விடுகிறது, வேலையில்லாத இடத்தில் புது விளக்கம் வந்து குடியேறுகிறது. அட, இதை ஜூன் 3ஆம் தேதியே பாதி சொல்லிவிட்டேன் போல.

ஜூன் 25

‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா’ பற்றிக் கேட்டவருக்கு. ‘சும்மாடு ஆகுமா’ என்பதுதான் மூலம் என்ற வாதத்தில் என் கை தளர்கிறது. சும்மாடு என்பது பாரம் தூக்குமுன் தலையில் சுருட்டி வைக்கும் துணி. சோழியப் பிராமணர் வைக்கும் முன்குடுமி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் சும்மாட்டுக்கு உதவாது என்று சொன்னால் படம் கண்ணில் நிற்கிறது. இலக்கணமும் இடறவில்லை. ஆனால் ‘சும்மா ஆடுமா’வும் நன்றாகவே நிற்கிறது, காரணமில்லாமல் குடுமி ஆடாது, ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறான் என்று. இரண்டும் சேர்ந்தே ஒரு சிலேடையாகப் பிறந்திருக்கலாம் என்று கூடத் தோன்றுகிறது. ஒருவேளை மண்குதிரைக்கும் இதே சலுகையைக் கொடுத்திருக்க வேண்டுமோ? இல்லை, கொடுக்க மாட்டேன். அந்த வைக்கோல் கால் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஜூலை 2

குரு அங்கு திரும்பி வந்துவிட்டார். பன்னிரண்டு நாள். குழுவில் இல்லாத ஒரு சித்தப்பா அனுப்பியிருக்கிறார். மயில் போய் யானை வந்திருக்கிறது. என் இரண்டு வரி ஆறு வரியாகி, கடைசியில் ‘சித்தர்கள் வாக்கு’ என்று ஒரு முத்திரையும் ஏறியிருக்கிறது.

போன் போட்டு, “சித்தப்பா, இது நான் எழுதினது” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “நீ எழுதினது தப்பா இருந்திருக்கும்டா, இது திருத்தினது” என்றார்.